ஷெட்டில் நிற்கும் ஜெர்மன் கார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, மெல்போர்னில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு காரின் இஞ்சின் சத்தம் கேட்கும். கார் இங்கே இல்லை. தென்காசியில் அப்பா வீட்டு வாசலில் போட்ட தகர ஷெட்டில் நிற்கிறது. அங்கே அப்போது காலை ஒன்பதரை. அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பொத்தானை அமுக்கி வண்டியைக் கிளப்புவார். பிறகு இறங்கி வந்து, வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டு, கைப்பேசியை பானெட் பக்கம் நீட்டுவார். பேட்டரி செத்துப்போகாமல் இருக்கப் பத்து நிமிடம் ஓட வேண்டும். "கேக்குதாலே? ஒரு இருமல் உண்டுமா பாரு," என்பார். "இல்லப்பா, சுத்தமா இருக்கு," என்பேன். என் மனைவி வெங்காயம் அரிந்துகொண்டே, "உங்க அப்பா கச்சேரிய ஆரம்பிச்சிட்டாவளா?" என்று கேட்பாள். ஆறு வருஷமாக இந்தக் கச்சேரி நடக்கிறது.

மெல்போர்னில் நான் ஓட்டுவது பதினான்கு வயதான ஒரு ஜப்பான் கார். சாம்பல் நிறம். இலங்கைத் தமிழர் ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது அவரிடமிருந்து வாங்கியது. பின் கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது. டாண்டினாங் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விடிவதற்கு முன் அந்த வண்டியில் போய், மத்தியானம் மூன்று மணிக்கு அதே வண்டியில் திரும்புகிறேன். இங்கே யாரும் என் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஆரம்பத்தில் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எங்கள் தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தே யார் எந்த ஊர், வந்து எத்தனை வருஷமாகிறது என்று சொல்லிவிடலாம். புதிதாக வந்த நம்மவர்கள் எல்லாருக்கும் ஒரே வண்டிதான். ஜப்பான் கார், வெள்ளை அல்லது சாம்பல், குறைந்த கிலோமீட்டர். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கார் வாங்கப் போகிறேன் என்று எழுதிவிட்டால் போதும், நாற்பது பேர் புத்தி சொல்ல வந்துவிடுவார்கள். வாங்குவதற்கு முன்பே விற்கும்போது என்ன கிடைக்கும் என்றுதான் பேச்சு. ஓட்ட நன்றாக இருக்குமா என்று ஒருத்தன் கேட்டு நான் பார்த்ததில்லை. குடியுரிமை வந்து, வீடு வாங்கி, பிள்ளை நல்ல பள்ளியில் சேர்ந்த பிறகு ஒருநாள் அதே ஆள் ஜெர்மன் காரில் வந்து இறங்குவான். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கிய தடம் இருக்கும். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மட்டும் இன்னொரு வருஷம் ஆகும்.

எங்கள் லைனில் மின் என்று ஒரு வியட்நாமியர் இருந்தார். இருபது வருஷம் ஒரே ஓட்டை வண்டி. கடைசி மகள் பல் மருத்துவருக்குப் படித்து முடித்த வாரம் கறுப்பு ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். வேலைக்கு மட்டும் பழைய வண்டியிலேயே வந்தார். "புது வண்டி எங்கே?" என்று கேட்டேன். "கராஜில். புத்தர் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்," என்றார். எனக்கு அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் இந்த விஷயத்தில் பேச்சே தேவைப்படவில்லை.

பாஸ் கிரெய்குக்குத்தான் புரியவே இல்லை. அவரிடம் இருப்பது சேறு அப்பிய ஒரு பிக்கப் வண்டி. கழுவி நான் பார்த்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் எப்படியோ என் தென்காசிக் காரைப் பற்றி வாய்விட்டுவிட்டேன். படத்தைப் பார்த்து விசிலடித்தார்.

"இதை எப்போ ஓட்டுவாய்?"

"வருஷத்துல மூணு வாரம். லீவுக்குப் போறப்ப."

"ஓ, என் படகு மாதிரி! அதுவும் வருஷம் பூரா வாசலில்தான் கிடக்குது. மற்ற நாளில் யார் பார்த்துக்கொள்வது?"

"என் அப்பா."

"அதிர்ஷ்டக்கார அப்பா! ஊரெல்லாம் ஜோராகச் சுற்றுவார், இல்லையா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதை விளக்கும் ஆங்கிலம் என்னிடம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

அந்தக் காரை ஏன் வாங்கினேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் வீரகேரளம்புதூரில் சித்தப்பா மகள் கல்யாணம். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வண்டி பிடித்து, அப்பா, அம்மாவுடன் மண்டபத்தில் போய் இறங்கினேன். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த சொந்தக்காரர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி, "என்ன ஏட்டையா, ஆஸ்திரேலியாக்காரன் டாக்ஸிலயா வாரான்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றைக்கும் எல்லாருக்கும் அவர் ஏட்டையாதான். எத்தனையோ பேரை அதட்டி உட்காரவைத்த மனிதர், அன்றைக்குச் சந்தனத்தை எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போனார்.

மெல்போர்னில் ஒருத்தரும் பார்க்காத என்னை ஊரில் எல்லாரும் பார்க்கிறார்கள். அப்படியானால் நல்ல கார் இருக்க வேண்டிய இடம் எது? என் மூளை இப்படித்தான் கணக்குப் போட்டது. அடுத்த வருஷம் ஒரு தரகரைப் பிடித்து, கொச்சியில் கைமாறிய ஒரு கறுப்பு ஜெர்மன் காரை வாங்கி, செங்கோட்டை வழியாகக் கொண்டுவந்து, பதிவைத் தென்காசிக்கு மாற்றினேன். காசி விசுவநாதர் கோயில் வாசலில் பூஜை போட்டோம். "கறுப்பால்லா இருக்கு, எய்யா," என்று அம்மா மட்டும் முணுமுணுத்தாள். அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாராவது நின்று பார்த்தால், "மவன் வண்டி," என்றார். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொன்னார்.

அந்த லீவிலேயே எல்லாரும் குற்றாலம் போனோம். சாரல் நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோமீட்டரில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு மலையும் தெரியவில்லை, மேகமும் தெரியவில்லை. பக்கத்து வேன் உரசிவிடுமோ என்பதே நினைப்பு. மெல்போர்னில் என் வண்டியைக் கடைத் தள்ளுவண்டிகள் எத்தனை தடவை இடித்திருக்கும்! இறங்கிக்கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் இங்கே இரண்டு பக்கமும் கையை நீட்டி, "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க," என்று கத்திக்கொண்டிருந்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு அம்மா ஈரச் சேலையோடு வந்து கதவைத் திறந்தாள். நான் பதறிப்போய், "ஐயோ, ஏறாதம்மா! தோல் சீட்டு. தண்ணி பட்டா போச்சு," என்றேன். அம்மா ஏற வைத்த காலை எடுத்துக்கொண்டாள். தூறலில் நின்று சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிழியப் பிழிய மேலே தூறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கி வந்து போட்டு உட்காரவைத்தேன். வீடு வரும்வரை முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து வந்தாள். மறுபடி மெல்போர்னுக்குக் கிளம்பும்போது அப்பாவிடம், "நான் இல்லாதப்ப வண்டிய யாருக்கும் குடுக்காதீங்க. யாரு கேட்டாலும் சரி," என்று சொல்லிவிட்டு வந்தேன். சொந்தக்காரர்கள் இரவல் கேட்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். எனக்குத் தெரிய வேண்டாமா, முப்பத்தெட்டு வருஷம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே வாழ்ந்த மனிதரிடம் பேசுகிறோம் என்று?

இந்த வருஷம் மார்ச்சில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆனது. எனக்குச் செய்தி வந்தது ஆபரேஷன் முடிந்த பிறகுதான். "நீ அங்கன இருந்து என்ன செய்யப் போற? எல்லாம் நல்லபடியா ஆயிட்டு," என்றார் அப்பா. "எப்படிக் கொண்டு போனீங்க?" என்று கேட்டேன். "வண்டிலதான்," என்றார். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. ஷெட்டில் அவ்வளவு பெரிய கார் நிற்கிறதே, எதிர் வீட்டு ஆட்டோக்காரன் சுடலை ஓட்டியிருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருவிதத்தில் பெருமையாகக்கூட இருந்தது. நல்லவேளை, அன்றைக்கு அந்தக் காரை வாங்கினோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

லீவு கிடைத்து ஜூலையில் ஊர் போனேன். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சுடலை ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அண்ணே, எப்ப வந்திய? அம்மைக்கு இப்பம் கொள்ளாம்லா?"

"பரவாயில்லடே. நீதான திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப. ரொம்ப நன்றி."

"நன்றி என்னண்ணே. அன்னைக்கும் நம்ம ஆட்டோலதான், இப்பம் செக்கப்புக்கும் நம்ம ஆட்டோலதான். ஆனா ஒரு ஸ்பீடு பிரேக்கர் விடாம 'முருகா, முருகா'ன்னு கத்துதாவ. கேக்கச் சகிக்கல எனக்கு. ஏட்டையாகிட்ட நானே சொன்னேன், அண்ணன் காரு சும்மாதான நிக்கி, நான் ஓட்டுதேன்னு. வேண்டாம்னுட்டாவ."

ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். முறிந்த இடுப்போடு. ஆட்டோவில். நான் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். உறை போட்டு, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, கார் நின்றது. எலி ஒயரைக் கடிக்காமலிருக்க பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைத்திருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த வாடை வாசல்வரை வந்தது.

உள்ளே போய் அப்பாவிடம் சத்தம் போட்டேன். "ஒங்களுக்கு அறிவு இருக்கா? அம்மாவ விட அந்தத் தகரம் பெரிசா?" என்று கேட்டேன். பெற்ற தகப்பனிடம் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டிலில் கிடந்த அம்மாதான் பதில் சொன்னாள்.

"அவ்வொள ஏசாத எய்யா. அவ்வொ சாவிய எடுத்துட்டாவ. நாந்தான் வேண்டாம்னேன். குளிக்கையில விழுந்தேனா, சேலையெல்லாம் ஈரம். நீ வந்து பாத்தா சீட்டு கெட்டுப் போச்சேன்னு வருத்தப்படுவேல்லா?"

கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். வெகுநேரம் கழுவினேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மிச்சமிருந்த நாளெல்லாம் எனக்கு ஒரே வேலைதான். நான் கிளம்புவதற்குள் அம்மா அந்தக் காரில் போகும்படி செய்துவிட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஆறு மாசமாவது போக வேண்டியிருக்கும். சுடலையிடம் பேசி, அந்த நாட்களில் அவனே காரை ஓட்டுவதாக ஏற்பாடு செய்தேன். அம்மாவின் சீட்டைப் பின்னால் சாய்த்துக் காட்டினேன். நான் இருந்தபோது வந்த ஒரு செக்கப்புக்கு நானே ஓட்டிப் போனேன். ஆலங்குளம் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள். ஆனால் அப்பா, "நீ ஓட்டும்போது சரி," என்றார். "நான் போன பெறவு?" என்றால், "பாப்போம்," என்றார். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப, "அது ஒன் வண்டிலே. ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்றார்.

அவர் வண்டியாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் எழுதிக்கொடுப்பவரிடம் பெயர் மாற்றும் படிவங்களை வாங்கி, எல்லாவற்றையும் நிரப்பி, நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பா முன்னால் வைத்தேன். அவர் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன். ஸ்டேஷனில் புகார் மனுவைப் படிப்பதுபோல ஒரு வரி விடாமல் படித்தார். பேனா மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"வேண்டாம்லே. பேர மாத்த வேண்டாம்."

"ஏம்ப்பா? ஒங்க பேருல இருந்தா நீங்க தாராளமா எடுக்கலாம்லா?"

அவர் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். வீட்டுக் காகிதங்கள் வைக்கும் உறை அது. அதை என் பக்கம் தள்ளினார்.

"நீ அந்த ஊருப் பிரஜை ஆனப்பம் ஓட்டர் லிஸ்டுல ஒன் பேர எடுக்கணும்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். சட்டம்லா. பெறவு ரேஷன் கார்டு. அதுலயும் நாந்தான் போயி எடுத்தேன். அந்தப் பிள்ள கம்ப்யூட்டர்ல ஒன் பேரத் தட்டி அழிச்சத நின்னு பாத்துட்டுதான் வந்தேன். இந்த வீட்டு விலாசத்துல ஒன் பேரு இப்பம் இருக்கது ஆர்.சி. புக்குல மட்டுந்தான். இன்சூரன்ஸ் தபால் வந்தா போஸ்ட்மேன் ஒன் பேரத்தான் கூப்பிடுதான். நான் போயி வாங்குதேன். இதையும் நானே கையெழுத்துப் போட்டு எடுக்கணுமாக்கும்?"

ஆறு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. அப்பாவுக்கு அந்தக் கார் கல்யாண மண்டபத்து வாசலில் வாங்கிய அவமானத்துக்குப் பதில் என்று நினைத்திருந்தேன். வாராவாரம் பத்து நிமிடம் உறுமவைத்தது தெருவுக்குக் கேட்கட்டும் என்றுதான் என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமாகக்கூடச் சிரித்திருக்கிறேன். படிவங்களை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

அம்மா கட்டிலிலிருந்து, "அவன் பேரு இருந்துட்டுப் போகட்டும். அதுக்காவ வண்டி ஏன் நிக்கணும்? எனக்கு இடுப்பு வலிக்கி. நான் அதுலதான் போவேன்," என்றாள்.

அப்பா உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "பாப்போம்," என்றார்.

அந்தப் 'பாப்போம்'மோடுதான் விமானம் ஏறினேன். திருவனந்தபுரம் வரைக்கும் சுடலையின் நண்பர் ஒருவரின் வாடகைக் காரில் போனேன். என்னை அனுப்ப என் காரை எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த செக்கப் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெட்டி பிஸ்கட்டுக்குத் தப்பான தேதி அச்சடித்துவிட்டோம். கிரெய்க் வந்து, "ஊரில் எல்லாம் நலமா?" என்று கேட்டார். "படகை வெளியே எடுக்கும் நாள்," என்றேன். அவர், "ஆஹா, நல்ல வெயிலாக இருக்கட்டும்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். மூன்று மணி அடிக்கச் சற்று முன்பே வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். திருநெல்வேலியில் அப்போது பத்தரை ஆகப்போகிறது. எடுத்தார். "இருலே, அம்மைய எறக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, அழைப்பை வைக்காமல் அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போல. துணி உரசும் சத்தம். யாரோ, "மெதுவா, மெதுவா," என்றார்கள். பிறகு ஒரு புதுக் குரல். ஆஸ்பத்திரி வாசல் காவலாளியாக இருக்க வேண்டும்.

"சார், நோட்டுல எழுதணும். காரு ஓனர் பேரு?"

அப்பா முன்னெழுத்தோடு என் முழுப் பெயரையும் சொன்னார். ஆஜர் பட்டியல் படிக்கும் போலீஸ் குரலில் சொன்னார். எடுத்துவிட்டார், காரை எடுத்துவிட்டார்!

"வண்டியப் பாத்தா வெளிநாட்டுப் பார்ட்டி மாதிரி தெரியுதே. ஓனர் எங்க சார் இருக்காவ?"

ஏட்டையா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் மட்டம் போட்டபோதுகூட லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுத மறுத்த ஆள்.

"இங்கனதான். தென்காசிலதான் இருக்கான்," என்றார் அப்பா.

எங்கள் தொழிற்சாலையின் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதப்போகிற நேரம். சட்டென்று கைப்பேசியில் என் பக்கத்து ஒலியை நிறுத்தினேன். என் பக்கமிருந்து ஒரு சத்தம் போய்விட்டால் அவர் சொன்னது பொய்யாகிவிடும்.